அம்மா தூங்கும்போது யார் விழித்திருப்பார்?

போன மாதம் அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை. கிள்ளான் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்த இரவில் அவருக்குக் கத்தியைப் பற்றிக் கவலையே இல்லை. "கால வெட்டட்டும், தைக்கட்டும். அந்த மயக்க ஊசிதான் பயமா இருக்கு. போட்டா முழிப்பேனா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். கணினித் துறையில் வேலை பார்க்கும் என் தம்பி ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இப்பெல்லாம் ஏஐ வந்துடுச்சும்மா. டாக்டர் தப்பு பண்ணாலும் அது கண்டுபிடிச்சிடும்" என்றான். அம்மாவின் முகம் இன்னும் வெளுத்துப் போனது.

"அப்போ எனக்கு ஊசி போடப் போறது கம்ப்யூட்டரா?"

காலையில் நான்கு மணி நேரம் மைக் முன்னால் ஓயாமல் பேசிப் பிழைப்பவள் நான். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகுதான் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மயக்கவியல் மருத்துவத் தோழியைப் பிடித்து இரண்டு மணி நேரம் துளைத்தேன். மலாயில் 'பாக்கார் பியுஸ்' என்பார்களே, அந்த நிபுணர். அவர் முதலில் சொன்னது இது: "மயங்க வைக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. மயக்கத்துல இருக்கிறவங்கள உயிரோட வெச்சுக்கிறதுதான் மீதி மூணு மணி நேர வேலை."

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து, ஒருவரின் கழுத்துக் கட்டியை வலி தெரியாமல் அகற்ற வழி செய்தார். அதற்கு முன்பு நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, நோயாளி அலற அலற வெட்டியதுதான் அறுவைச் சிகிச்சை. ஆனால் வலி போனதும் வேறொரு ஆபத்து வந்தது. மயங்கியவர் மூச்சை மறந்துவிடுவார், இரத்த அழுத்தம் சரியும், இதயம் தடுமாறும். 1948 முதல் 1952 வரை அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு 1954இல் வெளிவந்தது. ஏறக்குறைய 1,560 பேருக்கு மயக்க மருந்து கொடுத்தால் அதில் ஒருவர் சாவுக்கு அந்த மருந்தே காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில், வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்த இறக்கத்துக்கு ஏஐ காரணமில்லை. பாதுகாப்பான மருந்துகள், நல்ல பயிற்சி, சில எளிய கருவிகள், ஒரு சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவைதான் காரணம். விரலில் மாட்டும் அந்தச் சின்னக் 'கிளிப்'பை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் ஜப்பானில் தாக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த தத்துவம் அது. அதற்கு முன் நோயாளியின் உதடு நீலமாகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் ஆக்சிஜன் குறைவதைத் தெரிந்துகொண்டார்கள். நீலம் தெரியும்போது பாதி நேரம் போய்விட்டிருக்கும்.

இப்போது ஏஐ அந்த அறைக்குள் என்ன செய்கிறது?

ஒரு முயற்சி நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இந்தியாவின் சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் ஜி.டி. பூரியும் அவருடைய குழுவும் 'கிளாட்ஸ்' என்ற தானியங்கி அமைப்பை உருவாக்கினார்கள். அதன் செயல்பாடு பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. நெற்றியில் ஒட்டிய பட்டை மூளையின் மின்னலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுக்கும். முழு விழிப்பென்றால் நூறுக்குப் பக்கம். அறுவைக்கு ஏற்ற மயக்கம் 40 முதல் 60. எண் ஏறினால் கணினி புரோபோபால் மருந்தைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். வீட்டில் ஏர்கோன் தானாகக் குளிரைக் கூட்டிக் குறைப்பதில்லையா, அதே தத்துவம்தான். கடல்மட்டத்திலிருந்து 3,505 மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் குறைந்த லே நகரில்கூட இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இலக்கு எல்லைக்குள் மயக்கத்தை நிறுத்தி வைப்பதில், கையால் கொடுப்பதைவிட இப்படிப்பட்ட அமைப்புகள் சீராகச் செய்கின்றன என்பது பல ஆய்வுகளின் முடிவு. இயந்திரத்துக்குக் கை வலிக்காது, கவனம் சிதறாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்காது.

(இதைக் கண்டிப்பானவர்கள் ஏஐ என்றே சொல்லமாட்டார்கள், கணக்குப் போட்டு மருந்து தள்ளும் கருவி என்பார்கள். இன்றைக்கு ரைஸ் குக்கர் விளம்பரத்தில்கூட ஏஐ வருகிறது என்பதால் நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.)

அடுத்தது, வருமுன் சொல்வது. அறுவையின்போது இரத்த அழுத்தம் நீண்ட நேரம் சரிந்திருந்தால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஆபத்து. அழுத்தம் சரியப் போவதைச் சில நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கும் ஒரு மென்பொருளுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் நாடி அலைகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள். 2020இல் ஆம்ஸ்டர்டாமில் 68 பேரிடம் நடந்த சோதனையில் அழுத்தச் சரிவு நன்றாகவே குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் எந்த மாற்றமும் இல்லை. காரணம் என்ன தெரியுமா? எச்சரிக்கை ஒலித்தபோது மருத்துவர்கள் ஏறக்குறைய பாதி நேரம் எதுவும் செய்யவில்லை.

கதை அதோடும் முடியவில்லை. 2022இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அந்த மென்பொருளின் பாடத்திட்டத்தையே கேள்வி கேட்டார்கள். பழக்கும்போது தெளிவாகத் தாழ்ந்த அழுத்தத்தையும் தெளிவாக நல்ல அழுத்தத்தையும் மட்டும் காட்டியிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் இரண்டுங்கெட்டான் நேரங்களை விட்டுவிட்டார்கள். அதனால் அது எதிர்காலத்தைக் கணிப்பதாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் இப்போதைய அழுத்தத்தையே வேறு எண்ணாக மாற்றிச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். ஏற்கெனவே தூறிக்கொண்டிருக்கும்போது மழை வரும் என்று சொல்கிற ஜோசியரைப் போல.

நரம்பைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போடும்போது, ஸ்கேன் படத்தில் எது நரம்பு, எது இரத்தக் குழாய் என்று வண்ணம் தீட்டிக் காட்டும் ஏஐ கருவியும் வந்துவிட்டது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான். கோலாலம்பூரில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. சபா, சரவாக் உட்புறத்தில் தனியாக நிற்கும் ஓர் இளம் மருத்துவருக்கு இப்படி ஒரு துணை கிடைத்தால் அது பெரிய விஷயம்.

'டாக்டரே வேண்டாம், இயந்திரமே போதும்' என்ற இடத்துக்கு ஒரு நிறுவனம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் 'செடாசிஸ்'. குடல், வயிற்று உள்நோக்கிப் பரிசோதனைகளுக்கு, உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு லேசான மயக்கம் கொடுக்கும் இயந்திரம். காதில் மாட்டிய கருவி 'கையை அழுத்துங்கள்' என்று அவ்வப்போது சொல்லும். அழுத்தாவிட்டால் மயக்கம் கூடிவிட்டது என்று மருந்தைக் குறைக்கும். 2010இல் நிராகரிக்கப்பட்டு, 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2016இல் விற்பனை போதவில்லை என்று நிறுத்தப்பட்டது. மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தது. பாதுகாப்புக்காகவா, பிழைப்புக்காகவா என்று கேட்டேன். தோழி சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றினார். "ரெண்டும்தான்."

இனி, எனக்குத் தூக்கம் கெட்ட பகுதி.

மேலே சொன்ன அந்த 0 முதல் 100 வரையிலான மூளை எண்ணை நம்பித்தான் தானியங்கி மருந்து தள்ளுகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 10 பேர் தாங்களே முன்வந்து, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். முழு விழிப்போடு, அசைய முடியாமல், இயந்திரத்தின் துணையில் மூச்சு விட்டுக்கொண்டு. அந்த எண் நூறுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பலருக்கு அது 60க்கும் கீழே இறங்கியது. மயங்கிவிட்டார் என்று கருவி சொன்னது. அந்தக் கணக்கு, நெற்றித் தசையின் அசைவையும் விழிப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன சூத்திரம் என்பது நிறுவனத்தின் ரகசியம். ஓர் எண் தவறினால் மருத்துவர் கண்ணீர், வியர்வை, நாடி என்று வேறு நாலு அடையாளங்களைப் பார்ப்பார். அந்த எண்ணை மட்டும் நம்பி ஓடும் இயந்திரத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

நம் தோல் நிறத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது, வீட்டுக்கு வீடு அந்த விரல் கிளிப்பை வாங்கி வைத்தோம். 95க்குக் கீழே போனால் ஓடு, மேலே இருந்தால் வீட்டிலேயே இரு. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்திக் கணக்குப் போடும் கருவி. தோலின் கருமை அந்த ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஆய்வு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், இரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையருக்கு 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவருக்கு 11.7 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்காவின் பழைய விதிப்படி, இந்தக் கருவியைச் சோதிக்கப் பத்துப் பேர் இருந்தால் அதில் இரண்டு பேர் கருமையான தோலுடையவராக இருந்தால் போதும். 150 பேர் வேண்டும், பல நிறத்தவரும் வேண்டும் என்ற வரைவு விதி 2025 ஜனவரியில்தான் வந்தது.

இந்தக் கிளிப் ஏஐ அல்ல. ஆனால் அந்த அறையில் உட்காரப் போகும் எந்த ஏஐக்கும் இதுதான் கண். கண்ணே நம் நிறத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால், பின்னால் எத்தனை பெரிய மூளை இருந்தாலும் தப்பான எண்ணைத்தான் மென்றுகொண்டிருக்கும்.

தவறான பாடத்தில் பழகிய கதை ஏஐயோடு தொடங்கியதல்ல. 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில், நிஜாமின் செலவில், குளோரோபாரம் ஏன் ஆளைக் கொல்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு ஆணையங்கள் நடந்தன. எட்வர்ட் லாரி என்ற ஆங்கில மருத்துவர் தலைமை. நூற்றுக்கணக்கான நாய்களைச் சோதித்துவிட்டு, 'குளோரோபாரம் இதயத்தைத் தாக்காது, மூச்சு நிற்பதால்தான் சாவு, ஆகவே மூச்சை மட்டும் கவனியுங்கள்' என்றார்கள். பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1911இல் லண்டனில் லெவி என்பவர், லேசான மயக்கத்திலேயே குளோரோபாரம் இதயத் துடிப்பைக் குலைத்துத் திடீரென்று நிறுத்தும் என்று காட்டினார். அவ்வளவு பெரிய தரவு, அவ்வளவு உறுதியான முடிவு, பார்க்க வேண்டிய இடத்தைவிட்டு வேறு இடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டது.

தரவில் இல்லாத மனிதர்களைப் பற்றி இன்னொன்று. மூச்சுக்குழாய் போடுவதற்குத் தசையைத் தளர்த்த 'சக்சமெத்தோனியம்' என்ற மருந்து கொடுப்பதுண்டு. வழக்கமாகச் சில நிமிடங்களில் உடல் அதைக் கரைத்துவிடும். அதைக் கரைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அவர்கள் மணிக்கணக்கில் அசையவும் மூச்சுவிடவும் முடியாமல் கிடப்பார்கள். உலகில் இது அரிது. ஆனால் தென்னிந்தியாவின் வைசிய சமூகத்தில் மற்ற இடங்களைவிட அதிகம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பற்றிக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்த்த தரவில் பழகிய ஒரு மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்?

அறுவைக்கு முந்தின மாலை, அம்மாவைப் பார்க்க வந்த மயக்கவியல் மருத்துவர் மலாயில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். ஒவ்வாமை உண்டா, ஆடும் பல் உண்டா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா. பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருக்கிறதா? நான் யோசிக்காமல் 'இல்லை' என்றேன். அம்மா என் கையைப் பிடித்தார். "ஏன் இல்ல? பெரியம்மாவுக்கு, எஸ்டேட்ல இருந்தப்போ, வயித்து ஆபரேஷன் பண்ணி முழிக்கவே இல்ல. ராத்திரி பூரா மிஷின்ல வெச்சுட்டு மறுநாள்தான் எழுப்புனாங்க. எங்கம்மா மாரியம்மனுக்கு மஞ்சத் துணியில காசு முடிஞ்சாங்களே!"

நாற்பது வருடத்துக்கு மேலான கதை. எந்தக் கணினியிலும் இல்லை. எனக்கே தெரியாது. பெரியம்மாவுக்கு நடந்தது அந்த நொதிக் குறைபாடுதானா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, வேறு காரணமும் இருந்திருக்கலாம். நாங்கள் அந்தச் சமூகமும் இல்லை. ஆனால் மருத்துவர் பேனாவை நிறுத்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் நாலு கேள்வி கேட்டார். ஓர் இரத்தப் பரிசோதனை எழுதினார். அந்த ஒரு மருந்தைத் தாளில் அடித்தார்.

எங்கள் வானொலித் துறையில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு பல நிலையங்களில் மனிதர் யாரும் இருக்கமாட்டார்கள். கணினி பாட்டுப் போடும், விளம்பரம் போடும், மணி சொல்லும். அருமையாகவே செய்யும். ஒரு நாள் விடிகாலையில் அது நின்றுபோனது. பணிக்கு வந்த இளம் அறிவிப்பாளருக்குக் கணினி இல்லாமல் நிகழ்ச்சியை ஓட்டிய பழக்கமே இல்லை. ஏறக்குறைய மூன்று நிமிடம் வெறும் நிசப்தம் ஒலிபரப்பானது. எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். வானொலியில் மூன்று நிமிட நிசப்தத்துக்கு ஒரு திட்டு விழும், ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். மூளைக்கு ஆக்சிஜன் போகாத மூன்று நிமிடம் வேறு கணக்கு. தானியங்கியோடே பயிற்சி பெற்று வளரும் அடுத்த தலைமுறை மயக்கவியல் மருத்துவர், அது கைவிடும் நாளில் என்ன செய்வார் என்பதுதான் தோழிக்கும் உள்ள பெரிய கவலை. மாதத்தில் சில நாள் வேண்டுமென்றே கையால் செய்ய வைக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

தப்பு நடந்தால் யார் பொறுப்பு? நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம் இருக்கிறது. கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். 2024 செப்டம்பரில் ஏஐ நெறிமுறை வழிகாட்டி வந்தது, டிசம்பரில் தேசிய ஏஐ அலுவலகம் தொடங்கியது. வழிகாட்டி என்பது வழிகாட்டிதான், சட்டமில்லை. இன்றைய நிலையில் திரையில் என்ன எண் வந்தாலும் அதன்மேல் முடிவெடுத்த மருத்துவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரகசியச் சூத்திரம் எழுதிய நிறுவனத்தையும் அந்த மேசைக்கு இழுத்து வரும் விதி வரவேண்டும் என்பது என் கட்சி.

இதையெல்லாம்விட எனக்கு உடனடிப் பயம் அறுவை அறையில் இல்லை, நம் கைப்பேசியில் இருக்கிறது. 2019 தேசிய ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. அறுவைக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று அரட்டை ஏஐயிடம் கேட்கிறோம். தம்பியும் கேட்டான். அது பணிவாக, நீளமாக, பொதுவாகப் பதில் சொன்னது. ஆனால் சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகையைச் சேர்ந்த டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்றவற்றை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. உடல் இளைக்க வாரம் ஒருமுறை குத்திக்கொள்ளும் ஊசி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். பலர் அதை அழகுக்கு என்று போட்டுக்கொண்டு டாக்டரிடம் மறைக்கிறார்கள். வேண்டாம்.

உபவாசமும் அப்படித்தான். வழக்கமாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம். 'தண்ணிதானே' என்று பால் ஊற்றிய தே தாரேக்கைக் குடித்துவிட்டு வந்தால் அது சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். உங்கள் மருத்துவமனை தரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. விரலில் நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். அடர்ந்த மருதாணியும் சில நேரம் அந்தக் கிளிப்பை ஏமாற்றும்; சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் மூத்தவர் இருந்தால், அந்தக் காலத்து ஆபரேஷன் கதைகளை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு முழு மயக்கமே கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. லேசாக உறக்கம் வர ஏதோ கொடுத்தார்களாம், அவர் உறங்கவில்லை. சுத்தியல் சத்தமெல்லாம் கேட்டதாம். வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது நான் கேட்க நினைத்த எதையும் கேட்கவிடவில்லை.

"அந்த டாக்டர் பொண்ணு என் தலைமாட்டுலயே உக்காந்திருந்துச்சு. பாட்டு கேக்குறீங்களான்னு கேட்டுச்சு. என் மக ரேடியோவப் போடும்மான்னேன். வேற ஸ்டேஷன் வெச்சிடுச்சு."